மறு: ரெடாக்‌ஷனுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

நெல்லைக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இதழியல் படிக்கும் பிள்ளைகளுக்கான ஒரு பாடத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க உளவு அமைப்புகளின் அத்துமீறல்களை அந்நாட்டு நாடாளுமன்றமே விசாரித்த கதை. 1975இல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் அமைந்த குழுவில் தொடங்கி, 2014இல் வந்த சி.ஐ.ஏ. சித்திரவதை அறிக்கை வரைக்கும் போகிறது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ரெடாக்‌ஷன். ஆவணத்தை வெளியிடும்போது சில வரிகள்மேல் கறுப்புப் பட்டை போட்டுவிடுகிறார்களே, அது. 'தணிக்கை' என்று எழுதிப் பார்த்தேன், "தணிக்கை செய்யப்பட்ட அறிக்கை" என்றால் ஆடிட்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டது மாதிரி இருக்கிறது. 'நீக்கம்' என்றும் சொல்ல முடியவில்லை, மூலத்தில் எல்லாம் அப்படியே இருக்கிறதே.

மென்பொருள்காரன் எழுதியது:

அக்கா, 'மறைப்பு' போதும். எல்லோருக்கும் புரியும், வேலை முடிந்தது. பி.டி.எஃப்பில் வெறும் கறுப்புக் கட்டத்தை மேலே வைத்துவிட்டு, அடியில் இருக்கும் எழுத்தை யாரோ நகலெடுத்து ஒட்டிப் படித்துவிட, மாட்டிக்கொண்ட அலுவலகங்கள் உண்டு. ஒழுங்காகச் செய்தால் வெளியாகும் பிரதியில் அந்த எழுத்தே இருக்காது. அதனால் 'நீக்கம்' அவ்வளவு தப்பும் இல்லை.

பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி, 'மறை' என்று தொட்டவுடன் மூன்று கதவு திறந்துகொள்ளும். மறை என்றால் இரகசியம், மறை என்றால் வேதம், இலக்கணத்தில் மறை என்றால் இல்லை எனல். இந்தப் பாரத்தை ஒரு பாடநூல் சொல்லின் தலையில் ஏற்றலாமா? இரகசியத்துக்குக் 'கமுக்கம்' இருக்கிறது. கமுக்கட்டு என்றால் அக்குள். கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கிற அதிகாரியை நினைத்துப் பாருங்கள், கமுக்கம் எங்கிருந்து வந்தது என்று விளங்கும். இது என் ஊகம்தான், ஆனால் நல்ல ஊகம்.

நெல்லைக்காரி அடுத்து டீகிளாசிஃபிகேஷனுக்கும் (ஆவணத்தின் இரகசிய முத்திரையை எடுத்துவிடுவது) கேட்கப் போகிறாள், இப்போதே சொல்லிவிடுகிறேன். வள்ளுவர் ஒற்றாடலின் கடைசிக் குறளில் வைத்திருக்கிறார்:

சிறப்பறிய ஒற்றின்கண் செய்யற்க செய்யின்
புறப்படுத்தான் ஆகும் மறை.

ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்தால் இரகசியத்தை நீயே வெளியே விட்டவன் ஆவாய். ஆகவே 'புறப்படுத்தல்'. இரண்டாயிரம் ஆண்டாகக் கையில் இருக்கிற சொல், யாரும் எடுக்கவில்லை.

மென்பொருள்காரன் எழுதியது:

ஐயா, "கென்னடி கோப்புகள் புறப்படுத்தப்பட்டன" என்று எழுதினால் எத்தனை மணி வண்டி என்று கேட்பார்கள்.

பருத்தித்துறை எழுதியது:

ஐயா, குறள் அருமை, ஆனால் அது அரசனுக்குச் சொன்ன புத்தி. வெளியே விடாதே என்கிறது. தங்கச்சியின் பாடம் அதற்கு நேர்மாறு. மறைவாக நடந்ததைச் சனத்துக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தவர்களைப் பற்றியது. குறளின் சொல்லை எடுத்தால் அதிலுள்ள கண்டிப்பும் கூடவே வரும்.

இன்னொன்று, 'மறைப்பு' ஏன் போதாது என்று ஒருவரும் கேட்கவில்லை. 1973இல் சி.ஐ.ஏ. தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ், எம்.கே.அல்ட்ரா கோப்புகளை அழிக்கச் சொன்னார். மனிதர்களுக்குத் தெரியாமலே போதை மருந்து கொடுத்துப் பார்த்த சோதனைகளின் கோப்பு. அது மறைப்பு. 1977இல் கணக்குவழக்குக் காகிதங்களுக்குள் ஆயிரக்கணக்கான பக்கம் தப்பிக் கிடந்தது கிடைத்தது. அதை வெளியிட்டபோது ஆய்வாளர் பெயர், பல்கலைக்கழகப் பெயர் எல்லாவற்றையும் அடித்துவிட்டுக் கொடுத்தார்கள். இதுதான் தங்கச்சி கேட்பது. முதலாவதில் ஒளித்ததே தெரியாது. இரண்டாவதில் இவ்வளவு நீளத்துக்கு, இந்த இடத்தில் ஒளித்திருக்கிறோம் என்று அவர்களே கோடு போட்டுக் காட்டுகிறார்கள். செய்தியை 'இருட்டடிப்பு' செய்தார்கள் என்று சொல்கிறோமே, அதுவும் முதல் வகைதான், ஆகவே அதுவும் உதவாது. சொல்லுக்குள் அந்தக் கோடு தெரிய வேண்டும். நான் 'கறுப்படிப்பு' என்பேன். வல்லின றகரம் போட்டு.

பழைய வாத்தியார் எழுதியது:

கோடு தெரிய வேண்டும் என்பதை ஏற்கிறேன். றகரத்தையும் ஏற்கிறேன். "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்பது தொல்காப்பியம். நிறத்துக்கும் வரும் என்று அடுத்த நூற்பாவிலேயே இடம் கொடுக்கிறார், ஆனாலும் முதலில் கறுப்பு சினம்தான். இடையின ரகரம் போட்டால் பஞ்சம் என்றும் பொருள் உண்டு. ஆக "கறுப்படித்த அறிக்கை" என்றால் கோபத்தில் எழுதியது, ரகரம் போட்டால் பஞ்ச காலத்தில் எழுதியது.

'கரத்தல்' பார்க்கலாமா? உள்ளதை ஒளித்தல். கரப்பு.

மென்பொருள்காரன் எழுதியது:

கரப்பு வேண்டாம் ஐயா, பூச்சி வந்துவிடும்.

பழைய வாத்தியார் எழுதியது:

பூச்சிக்கே அந்தப் பெயர் ஒளிவதால்தான் வந்தது என்று ஒரு கட்சி. கரப்பான் என்ற தோல் நோயிலிருந்து வந்தது என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி, ஏனென்றால் விளக்கைப் போட்டவுடன் அது

நெல்லைக்காரி எழுதியது:

ஐயா, மன்னிக்கணும், இன்று புதன். பாடத்தில் சொல் வருகிற இடத்தைத் தருகிறேன், அதை வைத்துச் சொல்லுங்கள்.

2014 டிசம்பர் 9இல் செனட் குழு வெளியிட்டது 500 பக்கத்துக்குச் சற்று மேற்பட்ட சுருக்கம் மட்டும். முழு அறிக்கை 6,700 பக்கத்துக்கு மேல், அது உள்ளேயே இருந்துவிட்டது. சுருக்கத்திலும் எதை அடிப்பது என்று மாதக்கணக்கில் இழுபறி. சி.ஐ.ஏ. ஆட்களைக் குழு புனைபெயரில்தான் குறித்திருந்தது, அந்தப் புனைபெயரையும் அடித்தார்கள். எந்த ஆள் எந்த இடத்தில் திரும்ப வருகிறார் என்று கோத்துப் பார்க்க வாசகருக்கு வழியில்லாமல் போனது. பாடத்தில் இதற்கே ஒரு பயிற்சி இருக்கிறது, பிள்ளைகள் பட்டையின் நீளத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டுமாம்.

வினையாகவும் பெயரெச்சமாகவும் வரவேண்டும். "கறுப்படித்த பக்கம்" எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கையில் தூரிகையோடு ஒருவர் நிற்கிற மாதிரி இருக்கிறது. 'மைமறைப்பு'? மைமறைத்த பக்கம், மைமறைத்தார்கள்.

பழைய வாத்தியார் எழுதியது:

மையில் தவறில்லை. வாய்மை, பொய்மை இரண்டுக்கும் கடைசியில் நிற்பது மைதான், எந்தப் பக்கமும் சேரும். மறையை விட்டுத் தொலைக்க முடியாது போலிருக்கிறது, போகட்டும்.

மென்பொருள்காரன் எழுதியது:

என் ஓட்டும் அதற்கே. இன்னொன்று அக்கா, குளோமார் பதிலுக்கு என்ன போடப் போகிறீர்கள்? மூழ்கிப்போன சோவியத் நீர்மூழ்கியைத் தூக்கப் போன குளோமார் கப்பல் பற்றிய செய்திகளை சி.ஐ.ஏ. அமுக்கப் பார்த்தது. அதைப் பற்றி 1975இல் ஒரு பத்திரிகையாளர் ஆவணம் கேட்டதற்கு, அப்படி ஆவணம் இருக்கிறது என்றும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம் என்றார்களே. 'மறைவிடை' நன்றாக இருக்குமே.

பழைய வாத்தியார் எழுதியது:

கூடாது! நன்னூலில் எட்டு வகை விடை. மறைவிடை என்றால் 'இல்லை' என்று நேராகச் சொல்வது. இது அந்த எட்டில் எதிலும் அடங்காது. பவணந்தியாருக்கு இப்படி ஒரு அரசாங்கம் வாய்க்கவில்லை. ஒன்பதாவதாக ஒன்று சேர்க்க வேண்டும், யோசித்து எழுதுகிறேன்.

நெல்லைக்காரி எழுதியது:

அனுப்பிவிட்டேன். ரெடாக்‌ஷன் 'மைமறைப்பு'. டீகிளாசிஃபிகேஷனுக்கு 'மறைநீக்கம்' போட்டேன், ஐயா கோபிக்க வேண்டாம். சர்ச் குழுவைப் போலவே உளவு அமைப்புகளை விசாரித்த பைக் குழுவின் அறிக்கையை 1976இல் வெளியிட வேண்டாம் என்று பிரதிநிதிகள் சபை 246க்கு 124 என்று வாக்களித்ததும், செய்தியாளர் டேனியல் ஷோர் அதை ஒரு வார இதழுக்குக் கொடுத்ததும் ஒரு பத்தியில் வருகிறது. அங்கே வெளியிடு, கசியவிடு, மறைநீக்கு மூன்றும் அடுத்தடுத்து வேண்டியிருந்தது. புறப்படுத்து நிற்கவில்லை. குளோமாருக்கு இப்போதைக்கு "உண்டு இல்லை சொல்லாப் பதில்". அசிங்கமாகத்தான் இருக்கிறது.

பருத்தித்துறை எழுதியது:

நல்லது தங்கச்சி. ஆனால் எல்லோரும் சம்மதித்தார்கள் என்று மட்டும் எங்கேயும் போட்டுவிடாதேங்கோ. கணினியில் மை ஏது? இன்னும் பத்து வருஷத்தில் பிள்ளைகள் மை என்றால் என்ன என்று கேட்கும். நான் எழுதும் இடத்தில் கறுப்படிப்பு என்றுதான் எழுதுவேன்.

பழைய வாத்தியார் எழுதியது:

கரப்பான் விஷயம் பாதியில் நிற்கிறது. தனி இழையில் தொடங்கட்டுமா?