கார் லைசென்ஸ் இருக்கிறது, அப்பாவின் ஆட்டோவை ஓட்டலாமா?

கடையநல்லூர்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா பல வருடமாகப் பயணிகள் ஆட்டோ ஓட்டுகிறார், சொந்த வண்டி. முழங்காலில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதமாக வண்டி வாசலில் நிற்கிறது, டியூ மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் வந்துவிடுகிறது. நான் பகலில் மொபைல் கடையில் வேலை பார்க்கிறேன், சாயங்காலம் ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை நானே ஓட்டினால் டியூவுக்காவது ஆகும் என்று நினைக்கிறேன். வயது 22. கியர் பைக்குக்கும் காருக்கும் லைசென்ஸ் இருக்கிறது, கார் லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகிறது.

விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஸ்டாண்டில் ஒரு அண்ணன், "ஹேண்டில் பார் தானே, பைக் லைசென்ஸே போதும்" என்கிறார். ஒரு புரோக்கர், ஆட்டோவுக்குப் புதிதாக எல்.எல்.ஆர் போட்டு, டெஸ்ட் கொடுத்து, வாடகை வண்டி டிரைவருக்குத் தருகிற பேட்ஜும் வாங்கணும், எல்லாம் நானே முடித்துத் தருகிறேன் என்கிறார். கூடப் படித்தவன், கோர்ட் தீர்ப்பு வந்துவிட்டது, ஒன்றும் வேண்டாம் என்கிறான். இதில் எது சரி? 19 வயதுத் தம்பிக்கும் கார் லைசென்ஸ் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அவன் ஓட்டட்டுமா?

எட்டு போட்டவன்:
டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன், உங்கள் கூட்டாளி சொன்னதுதான் கிட்டத்தட்ட சரி.

முதலில் அந்த ஹேண்டில் பார் கதையை விட்டுவிடுங்கள். பிடித்து ஓட்டுவது ஹேண்டிலா ஸ்டியரிங்கா என்று சட்டம் பார்ப்பதில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் இரண்டு சக்கரம். பக்கத்தில் கழற்றி மாட்டுகிற சைடு காருக்கு ஒரு சக்கரம் கூடுதலாக இருந்தால் அது கூட மோட்டார் சைக்கிள்தான், ஆனால் ஆட்டோ அதில் வராது. அது இலகு ரக வாகனம், அதாவது எல்.எம்.வி. பைக் லைசென்ஸை வைத்துக்கொண்டு ஆட்டோ ஓட்டினால் லைசென்ஸே இல்லாமல் ஓட்டுகிற கணக்குதான். ஓட்டினவருக்கு 5,000 அபராதம், வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் தனியாக 5,000 வரை போகும். உங்கள் வீட்டில் இரண்டுமே ஒரே பாக்கெட்டிலிருந்துதான் போகும்!

அப்புறம் தீர்ப்பு. முன்பு வாடகை வண்டி ஓட்ட எல்.எம்.வி லைசென்ஸில் டிரான்ஸ்போர்ட் என்று தனியாகப் பதியணும், அதற்கு எல்.எம்.வி எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருக்கணும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு அது தேவையில்லை என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சரிதானா என்று கேள்வி எழுந்து, 2024 நவம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் அதையே உறுதி செய்துவிட்டது. ஆட்டோ எடை அதில் பாதி கூட வராது. ஆனால் பேட்ஜ் மாநில விதியைச் சேர்ந்த விஷயம். அதைப் புரோக்கரிடம் கேட்காமல் உங்கள் ஆர்.டி.ஓ ஆபீஸ் கவுன்டரில் நேராகக் கேளுங்கள்.

கார்டில் எல்.எம்.வி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தம்பி ஓட்டக் கூடாது, வாடகை வண்டிக்கு 20 வயது முடிந்திருக்கணும்.

மீட்டர் போடுறவன்:
மதுரையில் 14 வருடமாக ஆட்டோ ஓட்டுகிறேன் தம்பி. லைசென்ஸ் விஷயத்தை மேலே அந்த அண்ணன் சொல்லிவிட்டார், நான் இன்சூரன்ஸ் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஸ்டாண்டில் ஒருத்தர் காய்ச்சல் என்று மச்சினனிடம் வண்டியைக் கொடுத்தார். அவனிடம் இருந்தது பைக் லைசென்ஸ் மட்டும். ரோட்டைக் கடந்த பெரியவர் மேல் மோதி அவருக்குக் கால் முறிந்துவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி பெரியவருக்குப் பணம் கட்டியது, கட்டிய கையோடு அத்தனையையும் வண்டிக்காரரிடம் வசூல் பண்ண வந்துவிட்டது. சரியான லைசென்ஸ் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான். அவர் வண்டியை விற்றுத்தான் கட்டினார், இப்போது நாள் வாடகைக்கு ஓட்டுகிறார்.

பெர்மிட், எஃப்.சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் மூன்றும் வண்டியோடு போவது, அப்பா பேரில் இருந்தாலும் நீங்கள் ஓட்டலாம். ஆனால் வண்டி இரண்டு மாதமாக நிற்கிறது என்றீர்களே, எஃப்.சி தேதியைப் பாருங்கள். எட்டு வருடம் தாண்டின வண்டி என்றால் வருடா வருடம் காட்டணும்.

இன்னொன்று, லைசென்ஸ் இருக்கிறது என்று அன்றைக்கே சவாரி ஏற்றாதீர்கள். ஆட்டோவில் கிளட்சும் கியரும் இடது கையில், கைப்பிடியைத் திருகித்தான் கியர் மாற்றணும், பிரேக் வலது காலில். பைக் ஓட்டினவனுக்கு இடது கால் தானாகக் கியரைத் தேடும், கார் ஓட்டினவனுக்குக் கிளட்சைத் தேடும். பைக்கில் போகிற மாதிரி வளைவில் சாய்த்து எடுக்கலாம் என்று திரும்பினால் உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும், காலி வண்டியில் இன்னும் சீக்கிரம். ஒரு வாரம் காலையில் மைதானத்தில் ஓட்டிப் பழகுங்கள்.

சும்மா_வந்தவன்:
எதற்கு இவ்வளவு? பேட்டரி ரிக்‌ஷா ஒன்று வாங்கிவிடுங்கள், பெர்மிட்டும் வேண்டாம் லைசென்ஸும் வேண்டாம்.

எட்டு போட்டவன்:
பெர்மிட் வேண்டாம் என்பது சரி, பேட்டரி வண்டிகளுக்கு 2018-இல் விலக்கு கொடுத்துவிட்டார்கள். லைசென்ஸ் வேண்டாம் என்று யார் சொன்னது? 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத இ-ரிக்‌ஷாவுக்குத் தனி லைசென்ஸே உண்டு, பத்து நாள் பயிற்சி எடுத்த சான்றும் கேட்பார்கள். 2024 தீர்ப்பும் அதைத் தொடவில்லை. வேகமாகப் போகிற எலக்ட்ரிக் ஆட்டோ வேறு, அது சாதாரண ஆட்டோ கணக்கில் வரும். டியூ கட்டவே திணறுகிறவரிடம் இன்னொரு வண்டி வாங்கச் சொல்கிறீர்களே.

கடையநல்லூர்க்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும். கார்டில் எல்.எம்.வி இருக்கிறது. எஃப்.சி அடுத்த மாதம் முடிகிறது. கூடவே அப்பாவின் லைசென்ஸையும் எடுத்துப் பார்த்தேன், முடிந்து 14 மாதம் ஆகிவிட்டது, அவருக்கே தெரியவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு வருடம் அப்படியேதான் ஓட்டியிருக்கிறார்!

எட்டு போட்டவன்:
முடிந்து ஒரு வருடத்துக்குள் என்றால் டெஸ்ட் இல்லாமல் புதுப்பித்திருக்கலாம். இப்போது திரும்ப டெஸ்ட் கொடுக்கணும், டாக்டரிடம் 1-ஏ படிவத்தில் உடல்தகுதிச் சான்றும் வாங்கணும். முன்பெல்லாம் தேதி முடிந்தும் முப்பது நாள் செல்லும், 2019 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் கிடையாது. முழங்கால் சரியாகி பிரேக்கை நன்றாக மிதிக்க முடிகிறது என்று டாக்டர் சொன்ன பிறகு கூட்டிப் போங்கள், அதுவரை அப்பாவைப் பின்சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். எஃப்.சிக்கு முன்னால் இண்டிகேட்டர், ஹாரன், பின்விளக்கு மூன்றையும் பார்த்துவிடுங்கள், பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.