மறு: மறு: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும் (கல்வி, கூலி, பிரீமியம்)

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். இளநிலைப் பொருளியல் பாடநூலில் ஓர் அத்தியாயம் என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். 'வேஜ் பிரீமியம்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கூடப் படித்தவருக்குக் குறைவாகப் படித்தவரைவிடக் கூலியில் எவ்வளவு மேலே கிடைக்கிறது என்பதுதான் பொருள். அந்த அளவு பொருளாதார மந்தத்தில் விரிகிறதா, செழிப்பில் விரிகிறதா என்பதே அத்தியாயம். ஆகவே 'கவுன்டர்சைக்ளிக்கல்' என்பதற்கும் சொல் தேவை. இப்போதைக்குக் 'கல்வி மிகையூதியம்', 'எதிர்ச்சுழல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

பொருளியல் ஆசிரியர் எழுதியது:

மிகையூதியம் வேண்டாம் அம்மா. மிகைநேர வேலைக்குத் தரும் தொகை என்றே மாணவர்கள் எழுதி வைப்பார்கள். எதிர்ச்சுழல் என்றால் ஏதோ மறுபக்கமாகச் சுற்றுகிறது என்று தோன்றும். இங்கே எதுவும் சுற்றவில்லை. பொருளாதாரம் இறங்கும்போது ஏறுகிறது, அவ்வளவுதான்.

பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் 'சுழற்சி' என்பதே எனக்கு உறுத்தல். அமெரிக்காவில் 2009 ஜூனில் தொடங்கிய வளர்ச்சி 128 மாதம் ஓடியது. அடுத்து வந்த மந்தம் இரண்டே மாதம். சக்கரம் இப்படியா சுற்றும்? பொருளியலாளர்கள் பர்ன்சும் மிட்செலும் 1946இலேயே, இது திரும்பத் திரும்ப வரும், ஆனால் சீரான இடைவெளியில் வராது என்று வரையறுத்துவிட்டார்கள். கடலோரத்தார் சொல்லும் 'வற்றுப்பெருக்கு' எவ்வளவோ மேல்.

தமிழாசிரியர் எழுதியது:

வற்றுப்பெருக்கு அழகுதான். ஆனால் கடல் நாளுக்கு இருமுறை தவறாமல் ஏறி இறங்கும். உங்கள் மந்தம் அதைவிட ஒழுங்கீனமானது என்று நீங்களே சொல்கிறீர்கள்! சுழல் இருக்கட்டும். 'சுழன்றும் ஏர்ப்பின்னது உலகம்' என்றவர் சீரான இடைவெளி பார்த்தா சொன்னார்?

மிகையை நானும் எதிர்க்கிறேன், வேறு காரணத்துக்காக. 'மிகைபடக் கூறல்' நன்னூலார் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று. படித்தவன் வாங்குவது குற்றத்தொகையா?

ஊதியம் என்ற சொல்லையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'முதலிலார்க்கு ஊதியம் இல்லை' (குறள் 449) என்னும்போது ஊதியம் கூலியன்று, ஆதாயம். கூலி வேறிடத்தில் வருகிறது: 'மெய்வருத்தக் கூலி தரும்' (619). ஆக, உடல் வருத்தத்துக்குக் கூலி. முதல் போட்டதற்கு ஊதியம். கல்வியை ஒரு முதலாகக் கொண்டு பொருளியலாளர் கேரி பெக்கர் 1964இல் நூலே எழுதினார். அப்படியானால் படிப்பால் வரும் மேல்தொகைக்கு 'ஊதியம்' என்ற ஒற்றைச் சொல்லே போதும்! சம்பளத்தைச் சம்பா, அளம் என்று பிரித்து நெல்லும் உப்பும் காட்டுவோர் உண்டு. வடமொழியில் 'சம்பலம்' என்றால் வழிச்செலவுக்கான கட்டுச்சோறு. அதைப் பிறகு எழுதுகிறேன்.

என் பரிந்துரை: 'வாசி'. 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று சம்பந்தர் பாடியது நினைவிருக்கும். வாசி என்றால் வேறுபாடு. வாசிப்பதாலும் வருகிறது. கல்விவாசி!

கணினித்துறை நண்பர் எழுதியது:

ஐயா, நகரவாசி என்றால் நகரத்தில் வசிப்பவர். கல்விவாசி என்றால் பள்ளிக்கூடத்திலேயே குடியிருப்பவர் என்பார்கள். மேலும், சம்பந்தர் தீர்க்கச் சொன்னது காசின் மதிப்பில் விழுந்த குறையை. அது தள்ளுபடி, நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

பேசாமல் 'பிரீமியம்' என்றே எழுதுங்கள். புரியாத தூய்மையைவிடப் புரியும் கலப்பு நல்லது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

புரியுமா? எல்லாருக்கும் தெரிந்த பிரீமியம் காப்பீட்டுக்கு நாம் கட்டுவது. 'கல்விப் பிரீமியம்' என்றால் கட்டணம் என்று படிப்பார்கள். இது நமக்கு வருவது. இன்று புதன்கிழமை.

பொருளியல் ஆசிரியர் எழுதியது:

சொல்லுக்கு முன் பொருளைப் பிடித்துக்கொள்வோம். செழிப்பில் ஆள் கிடைக்காதபோது முதலாளிகள் தகுதியைத் தளர்த்திக் குறைவாகப் படித்தவரையும் மேல்வேலைக்கு எடுப்பார்கள். அதனால் இடைவெளி சுருங்கும் என்றார் பொருளியலாளர் மெல்வின் ரீடர், 1955இல். மந்தத்தில் இது தலைகீழ். வேலை போவதிலும் அப்படித்தான். அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் உயர்நிலைப்பள்ளி முடிக்காதவரிடையே வேலையின்மை 21.2 சதவீதம், பட்டதாரிகளிடையே 8.4.

ஆனால் ஒரு கண்கட்டு உண்டு. குறைவாகப் படித்தவர்களிலேயே குறைந்த கூலிக்காரர்கள் முதலில் வெளியேறினால், அவர்களில் மிஞ்சியவர்களின் சராசரி தானாக ஏறும். ஒருவருக்கும் காசு கூட்டிக் கொடுத்திருக்க மாட்டார்கள். இடைவெளி உள்ளதைவிடக் குறுகலாகத் தெரியும். சராசரிக் கூலி சுழற்சியோடு அதிகம் அசையாதது போலத் தெரிவதற்கு இதுவே காரணம் என்று சோலன், பார்ஸ்கி, பார்க்கர் என்ற பொருளியலாளர் மூவரும் 1994இல் காட்டினார்கள். ஒரே ஆளைத் தொடர்ந்து பார்த்தால் நன்றாகவே அசைகிறது. இதற்கும் அத்தியாயத்தில் சொல் வேண்டியிருக்குமே?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

'சேர்க்கை விளைவு' என்று போட்டிருந்தேன். கல்வி பற்றிய அத்தியாயத்தில் சேர்க்கை என்றால் கல்லூரி அட்மிஷன் ஆகிவிடும் என்று இப்போதுதான் உறைக்கிறது. 'கலவை விளைவு' ஆக்குகிறேன்.

கணினித்துறை நண்பர் எழுதியது:

'கல்வி ஊதிய இடைவெளி'?

பொருளியல் ஆசிரியர் எழுதியது:

இடைவெளி இருவருக்கும் நடுவே இருப்பது. பிரீமியம் ஒருவர் கைக்கு வருவது. 'உயர்வு' என்றால் ஆண்டுதோறும் வரும் சம்பள உயர்வு. 'கூடுதல்' என்று வையுங்கள். மந்தத்தில் ஏறுவதற்குச் 'சுழலெதிர்', செழிப்பில் ஏறுவதற்குச் 'சுழலிணை'. 'சுழலிசை' மட்டும் வேண்டாம், கச்சேரி போல் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

'கல்வி ஊதியக் கூடுதல்', 'சுழலெதிர்' என்று போட்டு, முதல்முறை வருமிடத்தில் இரண்டு வரி விளக்கத்தோடு அனுப்பிவிட்டேன். மூவர் ஒப்பினார்கள், மற்றவர்கள் உறங்கப் போய்விட்டார்கள் போலும். எல்லாருக்கும் நன்றி.

தமிழாசிரியர் எழுதியது:

இப்போதுதான் பார்க்கிறேன். 'கல்வியூதியக் கூடுதல்' என்றல்லவா இருக்க வேண்டும்? உடம்படுமெய் எங்கே? வாசியை நான் இன்னும் விடவில்லை. சம்பளம் பற்றிய மடல் தனியே வருகிறது.