செல் அரித்த முதல் எழுத்து எது?

கானாடுகாத்தான் வீட்டில் இரண்டாங்கட்டு அறையை ஒழித்தபோது ஐயாவின் ரங்கூன் காலத்து நோட்டு ஒன்று கிடைத்தது. எல், ஓ, யூ, ஜி, ஹெச் என முடியும் ஆங்கிலச் சொற்கள் ஒரு பக்கம் முழுக்க, எதிரே தமிழ்ப் பொருள். கடைசிச் சொல்லுக்கு மட்டும் முதல் எழுத்தைச் செல் அரித்துவிட்டது. பொருள் தப்பியிருக்கிறது: ‘செங்குத்தான சிறு பள்ளத்தாக்கு’.

பத்து நாளாக முட்டிப் பார்த்தாச்சு. பி போட்டால் ப்ளவ், அது ஏர். எஸ் போட்டால் சேற்றுநிலம். அதையே ஸ்லஃப் என்றால் பாம்புச் சட்டையாம், என்ன மொழியோ! எதுவுமே போடாவிட்டால் அயர்லாந்துக்காரர்களின் ஏரி. மகளின் பள்ளி அகராதியில் இதற்கு மேல் இல்லை. போன் செயலியும் ஏரையே காட்டுகிறது. அரித்த இடத்தில் லேசாக ஒரு வளைவு மட்டும் தெரிகிறது.

பள்ளத்தாக்கு என்று பொருள் வர, முன்னால் என்ன எழுத்து போட வேண்டும்?