நம்ம வீடு (குழு): 12 குழல் துப்பாக்கியும் கரும்பு மெஷினும்

கார்த்தி: பெரியப்பா, இதைப் பாருங்கள். முதல் உலகப் போரிலேயே ஜெர்மனியில் விமானத்துக்கென்று 12 குழல் இயந்திரத் துப்பாக்கி செய்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு 7200 குண்டாம்!

பெரியப்பா: அதன் பெயர் ஃபோக்கர்-லைம்பெர்கர். அந்த 7200 வாய்க்கணக்கு, எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. நொடிக்கு 120 தோட்டா ஆகிறதே, யோசித்துப் பார்.

மீனா சித்தி: ஃபோக்கர் என்றால் அந்தச் சிவப்பு மூன்றடுக்கு விமானம் செய்தவரா?

பெரியப்பா: அவரேதான் மீனா. டச்சுக்காரர். 1916-இல் ஜெர்மன் ராணுவத்தின் விமானப் பிரிவு, எஞ்சினே சுழற்றும் துப்பாக்கி வேண்டும் என்று கேட்டது. சாதாரணத் துப்பாக்கி நிமிடத்துக்கு 500 சுட்டாலே பெரிது.

கார்த்தி: அப்புறம் ஏன் போருக்கு வரவில்லை?

பெரியப்பா: கரும்புச் சாறு மெஷினில் இரண்டு உருளை எதிரெதிராகச் சுற்றுமே, அதை நினைத்துக்கொள். இந்தத் துப்பாக்கியிலும் அப்படி இரண்டு உருளை, இரண்டிலும் பாதிப் பாதியாகக் குழி. இரண்டு பாதியும் சேரும் இடத்தில் முழுக் குழி ஆகும். தோட்டா அதற்குள் சிக்கிய நொடியில் வெடிக்கும்.

கார்த்தி: செம ஐடியா!

பெரியப்பா: ஐடியா சரி, வினை அதிலேயே இருக்கிறது. வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு உப்பும். தோட்டா உட்காரும் இடம் முழுசான அறை என்றால் சுற்றிலும் தாங்கும். இங்கே நடுவில் இடுக்கு. டயர் கிழிந்த இடத்தில் டியூப் பிதுங்குமே, அப்படிப் பிதுங்கிக் கிழிந்துவிடும். கிழிந்த கூடு மாட்டினால் மொத்தமும் நின்றுவிடும்.

மீனா சித்தி: போர்க்காலத் தோட்டா தரமாக இல்லை, அதனால்தான் என்று இங்கே போட்டிருக்கிறதே?

பெரியப்பா: அப்படித்தான் சொன்னார்கள். போர் முடிந்து அமெரிக்கா போன பிறகும் ஃபோக்கர் இதை விடவில்லை, அங்கேயும் தேறவில்லை. முப்பது வருஷம் லேத்தில் நின்றவன் சொல்கிறேன், தோட்டாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

கார்த்தி: மிச்சம் ஏதாவது இருக்கிறதா?

பெரியப்பா: போர்க்காலத்தது இல்லை, ஃபோக்கர் பிறகு செய்து பார்த்த வேறொரு மாதிரி அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கார்த்தி: ஆனால் இப்போதைய அமெரிக்கப் போர் விமானத் துப்பாக்கி வல்கன் 6 குழலில் நிமிடத்துக்கு 6000 சுடுகிறதே?

பெரியப்பா: அது பழைய கேட்லிங் வழி, கையால் சுற்றிச் சுடும் பல குழல் துப்பாக்கி. ஒவ்வொரு குழலுக்கும் தனி அறை, அதை அடைக்கத் தனி போல்ட். பாதிப் பாதி வேலையே கிடையாது.

மீனா சித்தி: டியூப் என்றதும்தான் நினைவு வருகிறது. கார்த்தி, என் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினாயா இல்லையா?

கார்த்தி: டயரிலேயே கிழிசல் சித்தி 🙈