மிஸ்ஸிங் வேல்யூ: இல்லையா, அல்லவா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தரவில் பதிவாகாமல் போன மதிப்பை ஆங்கிலத்தில் மிஸ்ஸிங் வேல்யூ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘வெற்று மதிப்பு’ என்று நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்ததை ஏற்க மனம் வரவில்லை. நிரலாக்கத்தில் ‘வெற்றுச் சரம்’ (எம்ப்டி ஸ்ட்ரிங், காலியான எழுத்துக்கோவை) ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஓர் எழுத்தும் இல்லை என்பது நமக்குத் தெரியும். இங்கே தெரியாமைதான் சிக்கலே.

மடிப்பாக்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு மழைமானி இருக்கிறது. ஐப்பசியில் ஒரு வாரத்து அளவுகள், மில்லிமீட்டரில்: 12, 0, 30, பிறகு ஒரு கோடு, 6, 0, 18. கோடு போட்ட நாளில் பூனை குடுவையைத் தட்டிவிட்டது. அன்று நல்ல மழை. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். கணினியில் ஏற்றும்போது, அளவு இல்லை என்பதற்கு அடையாளமாகப் பழைய வழக்கப்படி -99 என்று போட்டேன். சராசரி -4.7 வந்தது. வானம் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது போலும்! சுழியம் போட்டால் 9.4. இது இன்னும் ஆபத்து, பார்த்தால் நம்பும்படி இருக்கிறது. அந்த நாளை ஒதுக்கி ஆறால் வகுத்தால்தான் 11.

ஆக, மழை பெய்தது. அளவு நம் கைக்கு வரவில்லை. ‘இன்மதிப்பு’ என்பதும் அதனால்தான் ஒட்டவில்லை. இல்பொருள் உவமையில் வரும் ‘இல்’ உலகிலேயே இல்லாததைச் சொல்வது. என் பரிந்துரை ‘விடுபாடு’. அந்த -99 போன்றவற்றைப் ‘பதிலி எண்’ எனலாம்.

அடுத்தது ‘நாட் எ நம்பர்’. கணினியில் மிதப்புப் புள்ளி எண்களுக்கென (தசமப் புள்ளியோடு வரும் எண்கள்) 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தின்படி, சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தால் கிடைப்பது. இதை ‘எண்ணிலி’ என்றால் எண்ணில் அடங்காதது என்றுதான் காதில் விழும். முடிவிலிக்குத் தம்பி என்று நினைத்துக்கொள்வார்கள். நமக்கு ‘இல்லை’ வேறு, ‘அல்ல’ வேறு. உயர்திணை அல்லாதது அஃறிணை. எண் அல்லாதது ‘அல்லெண்’.

விடுபாடு, அல்லெண் இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டக் கூடாது. புள்ளியியலுக்கான நிரல்மொழியான ஆர் இவற்றைப் பிரித்தே காட்டுகிறது. முழு எண்களில் விடுபாட்டுக்கென -2147483648ஐ ஒதுக்கியும் வைத்திருக்கிறது. பைத்தான் நிரல்மொழியில் தரவு அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பில் நெடுங்காலம் அல்லெண்ணே விடுபாட்டுக்கும் நின்றது. அது மிதப்புப் புள்ளி எண் வகை என்பதால், முழு எண் நெடுவரிசையில் ஒரே ஒரு விடுபாடு வந்தாலும் 12 எல்லாம் 12.0 ஆகிவிடும்.

அல்லெண் தனக்குத்தானே சமமாகாது. ஆகவே சமக்குறி போட்டுத் தேட முடியாது, தனிச் செயற்கூறு (ஃபங்ஷன்) வேண்டும். என் நிரலில் விடுபாடா(), அல்லெண்ணா() என்று பெயர் வைத்தேன். வினா எழுத்து ‘ஆ’ வேலையை அழகாக முடித்துவிட்டது.

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. ஆவணத்தில் ‘விடுபாடு’ என்று தேடினால் ‘விடுபாட்டை’ சிக்குவதில்லை. உருபு ஏற்றாலும் உரு மாறாத சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், விடுபாட்டை விட்டுவிடுகிறேன்.