மாண்டினீக்ரோவில் ரயில் பயணம்: பார் துறைமுகம் – பெல்கிரேட் (செர்பியத் தலைநகர்) பாதை எப்படி?

கேள்வி: தலைநகர் போட்கோரிட்சாவிலிருந்து கடலோர ஊர்களான புட்வா, கோட்டோருக்கு ரயில் உண்டா? பெல்கிரேடுக்கு ரயிலை நம்பலாமா?

பதில் 1: புட்வா, கோட்டோருக்குத் தண்டவாளமே இல்லை, பேருந்துதான். பெல்கிரேடுக்கு உண்டு, ஆனால் தாமதம் சகஜம். 1976-இல் திறந்த இந்த 476 கி.மீ. பார் – பெல்கிரேட் பாதையில் பெரும்பாலும் இரு திசைக்கும் ஒரே தண்டவாளம்தான். எதிர் ரயிலுக்காக நிலையத்தில் காத்திருக்க வேண்டும். ஒரு ரயில் பிந்தினால் அடுத்ததும் பிந்தும். அன்றே விமானம் பிடிக்கத் திட்டமிடாதீர்கள்.

பதில் 2: பகலில் போங்கள் நண்பரே. போட்கோரிட்சாவுக்கும் மலை ஊரான கொலாஷினுக்கும் நடுவில் ஆயிரம் மீட்டருக்கு 25 மீட்டர் என்ற ஏற்றத்தில் பாதை 1,032 மீட்டர் வரை ஏறும். வழியில் மாலா ரியேகா பாலம், கிட்டத்தட்ட 200 மீட்டர் உயரம். இதை இருட்டில் தாண்டுவது பெரிய இழப்பு!

பதில் 3: எல்லைச் சோதனைக்குப் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வையுங்கள். மாண்டினீக்ரோவில் பணம் யூரோ, செர்பியாவில் தினார். தண்ணீர், சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள்.