புகார் கொடுத்ததற்குப் பழிவாங்குகிறார்கள், வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஓவர்டைம் பணம் ஒழுங்காக வருவதில்லை என்று எங்கள் டீமுக்காக ஹெச்ஆருக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். அதிலிருந்து மேனேஜர் ஆளே மாறிவிட்டார். மீட்டிங் அழைப்பில் என் பெயர் இருப்பதில்லை, ஷிஃப்டை முந்தின நாள் ராத்திரி மாற்றுகிறார், எப்போதும் நல்ல ரேட்டிங் வாங்கிய எனக்கு 'ஒத்துழைப்பு போதாது' என்று திடீரென ஒரு மெமோ. நான் போய் உட்கார்ந்தால், என்னோடு வேலை பார்ப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பாவம், அவர்களுக்கும் பயம்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158ஆம் உடன்படிக்கை (1982), சட்டமீறல் பற்றிப் புகார் கொடுத்ததைக் காரணமாக்கி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. 2019இல் வந்த 190ஆம் உடன்படிக்கை, வன்முறை, துன்புறுத்தல் பற்றிப் புகார் சொன்னவரோடு சாட்சிகளையும் பழிவாங்கலிலிருந்து காக்கச் சொல்கிறது. ஆனால் அந்தந்த நாட்டுச் சட்டத்தில் அது இருந்தால்தானே நமக்குப் பிடிமானம்!

மெயில், மெமோ, பழைய ரேட்டிங் எல்லாவற்றையும் தேதிவாரியாக எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது மெமோவில் கையெழுத்து கேட்கிறார்கள். 'பெற்றுக்கொண்டேன், ஏற்கவில்லை' என்று எழுதிப் போட்டால் போதுமா? நீங்களே ராஜினாமா பண்ணிவிடுங்கள் என்று வாய்வார்த்தையாக நெருக்குகிறார்கள், எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் வழக்கு நிற்குமா? இதைக் கடந்து வந்தவர்கள், தொழிலாளர் சட்டம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், நாளைக்குள் பதில் கொடுக்க வேண்டும்.